இரண்டு சொற்கள் என்னுடையவை

மைனஸ் முப்பத்தொன்று.
உலான்பாத்தரில் ஜனவரி மாதக் காலை பத்து மணி,
கரிப்புகைக்குள் தேய்ந்த நாணயமாய்ச் சூரியன்.
கல்வி அலுவலகப் படிக்கட்டில் பதினான்கு பேர்.
கோஷம் எதுவும் இல்லை என்று
காவலாளி யாருக்கோ செல்போனில் சொன்னார்:
"சும்மாதான் நிற்கிறார்கள்."

சும்மா இல்லை.
பேச வேண்டுமென்றால் அவர்கள்
கையுறையைக் கழற்ற வேண்டும்.
தெமூலென் எதையும் நீட்டிச் சொல்பவன்.
அவன் விரல்கள் முதலில் பீட்ரூட், பிறகு மெழுகு.
பாதியில் நிறுத்தி அக்குளில் செருகிக்கொள்வான்.
அது அவன் காற்புள்ளி.
பதின்மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

என் அக்கா எக்‌ஷிக்லென்.
இன்னிசை என்று பொருள்.
பெயர் வைத்து ஒன்றரை வருடம் கழித்து
பால் பாத்திரம் விழுந்தும் திரும்பாத தலையை
அம்மா பார்த்தாள்.
பெயரை மாற்றச் சொல்ல வந்தவர்களுக்கு
அப்பா தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவளுக்குப் பதினாறு. எனக்குப் பதினொன்று.
மருத்துவமனையில், வங்கியில், பூட்ஸ் கடையில்
நான்தான் அவள் வாய்.

துணைத் தலைவர் ஒயூன்சிமெக் இறங்கி வந்தார்.
நல்லவர்தான்.
"குளிருதே பிள்ளைகளா, ஒருத்தர் மட்டும் உள்ளே வாங்க."
மொழிபெயர்ப்பாளர்?
இருக்கும் ஒரே ஒருவர்
அன்று நீதிமன்றத்தில்.
"தம்பி இருக்கிறானே."
தம்பி இருந்தான்.

ரேடியேட்டர் பக்கத்தில் அக்காவின் கைகள்
இளகி, வலித்து, பிறகு தொடங்கின:

ஆசிரியர் கரும்பலகையோடு பேசுகிறார்.
நான் அவர் முதுகிடம் இயற்பியல் படிக்கிறேன்.
சைகை தெரிந்த ஆசிரியர் வேண்டும்.
செப்டம்பருக்குள்.

நான் சொன்னது:
"ஆசிரியர் கொஞ்சம் திரும்பி நின்றால் நல்லது.
முடிந்தால், தயவுசெய்து,
சைகை தெரிந்த ஒருவர்..."

அழுத பிள்ளை பால் குடிக்கும்.
எவ்வளவு அழலாம் என்பதும்
எனக்குத் தெரியும்.

அக்கா மேசையைத் தட்டினாள்.
என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.
முடிந்தால், நான் சொல்லவில்லை.
தயவுசெய்து, நான் சொல்லவில்லை.
எடு.

வாயில் போட்ட பொத்தானைத் துப்பச் சொல்வதுபோல
எடு.

"மன்னிக்கவும்," என்றேன்,
"அதில் இரண்டு சொற்கள் என்னுடையவை."
அவர் என்னிடமே கேட்டார்: "அவளுக்குக் கோபமா?"

என்னைப் பார்த்துக் கேட்கச் சொல்.

இதை நான் குறைக்கவில்லை.
பெரியவர் ஒருவரிடம் நான் பேசியதிலேயே
மரியாதை குறைந்த வாக்கியம் அதுதான்.
சொல்லும்போது காது மடல் எரிந்தது.

அவர் நாற்காலியைத் திருப்பினார்.
அதன் கிரீச் எங்கள் இருவருக்கு மட்டும்.
"உனக்குக் கோபமா?"
ஆமாம் என்று அக்கா தலையசைத்ததற்கு
நான் தேவைப்படவில்லை.

எழுந்திருக்கப் போகிறோம் என்று நினைத்தேன்.
அவள் உட்கார்ந்தே இருந்தாள்.
இன்று செவ்வாய்க்கிழமை.
இவன் பள்ளியில் இருக்க வேண்டியவன்.
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதை நானே சொல்ல வேண்டியிருந்தது,
என்னைப் பற்றி, என் வாயால்,
படர்க்கையில்.
குரல் நடுவில் எங்கோ வழுக்கியது.

அவர் இரண்டையும் எழுதினார்.
செப்டம்பருக்கு அடிக்கோடு போட்டார்.
பென்சிலால்.

பேருந்துச் சன்னலில் விரல் தடிமனுக்குப் பனி.
அக்கா ஒரு பொத்தானால் சுரண்டி
முகம் அளவு வட்டம் செய்தாள்.
எங்கள் முன்னால் ஒரு பெண்
நடைபாதையில் நின்ற கணவனிடம் ஏதோ கத்தினாள்,
மருந்தோ மாவோ,
அவன் காதைக் காட்டி உதட்டைப் பிதுக்கினான்.
கண்ணாடி மூடியிருந்தது, எஞ்சின் உறுமியது.

அக்காவும் தெமூலெனும்
பேசிக்கொண்டே இருந்தார்கள்,
வண்டி நகர்ந்த பிறகும்,
சிவப்பு விளக்கில் நின்றபோதும்,
அவன் கையுறையில்லாமல் ஓடி வந்து
இன்னும் ஒரு வரி சொல்லும்வரை.

என்ன பேசினார்கள் என்று
முன்னிருக்கைப் பெண் என்னைக் கேட்டாள்.
தெரியாது என்றேன்.